மிதவை வைத்துத் தைத்த ஷூ

பஞ்சர் கடையில் டியூபின் மேல் சொல்யூஷனைத் தடவிக் காயவிட்டிருந்தார்கள். அந்தப் பசையின் வாசனை மூக்கில் ஏறியதும் முதலில் என் கால்கள்தான் இருபது வருஷம் பின்னால் போயின. தலை மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. கடைக்காரர் "சார், காத்து எவ்ளோ வெக்கட்டும்?" என்று கேட்டபோது நான் ராயபுரத்து மொட்டை மாடியில், மடியில் ஒற்றை ஷூவோடு உட்கார்ந்திருந்தேன்.

மாடியில் ஒரே ஒரு அறை. அறைக்கு வெளியே மொட்டை மாடி. அங்கே நின்றால் துறைமுகத்துக் கிரேன்கள் கழுத்தை நீட்டி நீட்டிக் கடலில் எதையோ தேடுவது தெரியும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. வருகிற பெட்டி, போகிற பெட்டி, அவற்றின் எண்களை அட்டையில் எழுத வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே ஆயிரக்கணக்கான பெட்டிகளோடு பழகுகிறவனுக்கு ஏதாவது ஒரு பெட்டியையாவது திறந்து பார்க்கும் ஆசை வரத்தானே செய்யும். எனக்கு வந்த ஆசை ஷூப்பெட்டி.

ஞாயிற்றுக்கிழமை யானைக்கவுனிப் பக்கம் ஒருவர் பிளாட்பாரத்தில் பழைய ஷூக்களைக் கொட்டி வைத்திருப்பார். கப்பலில் வந்தவர்கள் கழற்றிப் போட்டது, எங்கோ மழையில் நனைந்த சரக்கில் மிஞ்சியது, எல்லாம் வெளிநாட்டுக் கேன்வாஸும் தோலும். இடது கால் ஒரு குவியல், வலது கால் ஒரு குவியல். இதற்கு அது என்று நாமே தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு நாள் முழங்கால் தேயத் தேடிவிட்டு, "ஜோடி கெடைக்கலையே" என்றேன். "வரன் பாத்துக் குடுக்க நான் இன்னா தரகரா நைனா? நீயே தேடு" என்றார்.

தேடினேன். ஒரு வருஷத்தில் பதினோரு ஜோடி. எல்லாமே நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது டிவியில் ஓடிக்கொண்டிருந்தவர்களின் கால்களில் பார்த்த மாடல்கள். மஞ்சளேறிய அடிப்பகுதிக்கு மெடிக்கல் ஷாப்பில் பெராக்சைடு வாங்கித் தடவி, பிளாஸ்டிக் காகிதம் சுற்றி, மாடி வெயிலில் வைப்பேன். மஞ்சள் மெல்ல வெளுக்கும். வெளுத்த சந்தோஷத்தில் காகிதத்தைப் பிரித்துக் காற்றாட வைத்தால், துறைமுகத்தில் இறக்குகிற நிலக்கரியின் தூள் கால் மணி நேரத்தில் வந்து உட்கார்ந்துவிடும். ராயபுரத்தில் வெள்ளை என்பது ஒரு நிறமல்ல, ஒரு சிறிய இடைவேளை. கடைசியில் சோற்றை ஈ மொய்க்காமல் மூடுகிற வலைக்கூடை ஒன்றை வாங்கி, அதற்குள் ஷூவை வைத்து, மேலே ஈரத் துணியைப் போட்டேன்.

அந்தக் கூடையைப் பார்த்துவிட்டுத்தான் அக்கா முதல்முறை அவ்வளவு சிரித்தாள்.

"டேய், இன்னாடா மூடி வெச்சிகிற? மீன் கொழம்பா?"

"ஷூக்கா."

"ஷூவ மூடிட்டு சோத்தத் தொறந்து வெச்சிகிற. ரொம்பத் தெளிவாதான் கீற."

அக்காவுக்கு என்னைவிட எட்டு வயது அதிகம். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கழுத்தில் பிகிலு, கையில் மீன் பை, இதுதான் அவள் ஞாயிற்றுக்கிழமைத் தோற்றம். மாமா, அதாவது அவள் புருஷன், காசிமேட்டில் ஃபைபர் படகு ரிப்பேர் செய்கிறவர். அதற்கு முன்னால் விசைப்படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு தடவை முதுகு பிடித்துக்கொண்டதும், "இனிமே படகுங்க என்னைத் தேடி வரட்டும்" என்று கரையேறிவிட்டார். அவர்கள் வீடு என் மாடியிலிருந்து பத்து நிமிஷ நடை.

அக்காவிடமும் ஒரு ஜோடி இருந்தது. என் பதினோரு ஜோடியும் சேர்ந்தாலும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. வெள்ளைத் தோல், கணுக்காலுக்கு மேல் ஏறுகிற உயரம், ஓரத்தில் சிவப்புக் கோடு. கல்லூரியில் அவள் பாஸ்கெட் பால் ஆடிய காலத்தில், கப்பலில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. வாங்கியதிலிருந்து ஒரு நாள்கூட அது தெருவைப் பார்த்ததில்லை. மூன்று வீடு மாறியபோதும் பீரோ லாரியில் போகும், அந்தப் பெட்டி அக்காவின் மடியில் போகும்.

ஏன் போடவில்லை என்பதற்கு அவளிடம் ஒரே கதைதான். மாநில டீமுக்கு ஆள் எடுக்கிற அன்று காலையில் மழை. சிமென்ட் தரை ஈரம். புது ஷூவில் சேறு பட்டுவிடப் போகிறதே என்று பழைய கேன்வாஸைப் போட்டுக்கொண்டு போனாள். அடி தேய்ந்து வழவழத்துப் போன கேன்வாஸ். பந்தோடு திரும்பினாள், வழுக்கினாள், முழங்கால் பிசகியது. பெயர் கூப்பிட்டபோது பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். புது ஷூ வீட்டில் பத்திரமாக இருந்தது.

இதை எப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். சொல்லி முடித்ததும் பிகிலை எடுத்துத் துடைப்பாள். பிகிலில் அழுக்கே இருக்காது.

அந்த ஷூவுக்கு நான் ஒரு நல்லது செய்தேன். நல்லது என்றுதான் அப்போது நினைத்தேன். "இப்டி சும்மா அட்டைப்பெட்டியில வெச்சா கடல்காத்துல வீணாப்போயிடும்கா" என்று வல்லுநர் மாதிரித் தலையாட்டிவிட்டு, யார்டில் சரக்கு மேல் சுற்றுகிற பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து, நான்கு அந்துருண்டையும் போட்டு, ஒவ்வொரு ஷூவையும் எகிப்து ராஜா மாதிரிச் சுற்றினேன். ஊசி நுழைய இடமில்லை. "அம்பது வருஷம் தாங்கும்" என்றேன். அக்கா என்னை டாக்டரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக மாடியேறி வந்தாள். மூச்சு வாங்கியது, படியினால் மட்டுமல்ல.

"ஞாயித்துக்கெழம மேட்ச் கீதுடா. எங்க பழைய டீமு. இப்ப காலேஜுல ஆடுற பொண்ணுங்களோட. அதே கிரவுண்டு."

"எந்த கிரவுண்டு?"

"அதாண்டா. நான் உழுந்தனே, அதே."

மழை பெய்த அந்தத் தரை. கையில் பெட்டி இருந்தது.

உறையை நான்தான் பிளேடால் கிழித்தேன். உள்ளே தோல் பால் மாதிரி இருந்தது. சிவப்புக் கோடு நேற்று வரைந்ததுபோல் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. லேசாக ஒரு புளித்த வாடை வந்தது, அந்துருண்டை என்று நினைத்துக்கொண்டேன். அக்கா நாடாவைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். முதல் அடிக்குச் சத்தமில்லை. இரண்டாவது அடிக்கு மெல்லிய முறுமுறுப்பு. மூன்றாவது அடியில் குதிகால் அரை அங்குலம் இறங்கியது. நான்காவது அடியில் ஷூவின் அடி ரப்பர் தனியாகத் தரையில் நின்றது. அக்கா அதைவிட்டு நகர்ந்திருந்தாள். நடுவில் மஞ்சள் தூள்.

அவள் குனிந்து அதைக் கிள்ளிப் பார்த்தாள். விரலிடையில் மாவாகியது.

"இன்னாடா இது. ஷூவா, டீக்கட பொறையா?"

தோலுக்கும் அடி ரப்பருக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு நுரைப் பொருள் இருக்கும். போட்டு நடந்தால் மிதிபட்டு, காற்று வாங்கி, ஏதோ கொஞ்ச காலம் உயிரோடு இருக்கும். மூடி வைத்தால் தனக்குள்ளிருக்கும் ஈரத்தையே தின்று பொடியாகும். இது எனக்குத் தெரிந்தது பிற்பாடு. அன்று தெரிந்ததெல்லாம் நான் சுற்றிய உறை கீழே கிடந்ததும், அக்கா அதைப் பார்க்காமல் இருந்ததும்தான்.

"புதுசு வாங்கித் தரேங்கா" என்றேன்.

"எனுக்கு வாங்கத் தெரியாதா? சம்பளம் வாங்கலியா நானு?" தூளைக் கைக்குட்டையில் கூட்டி அள்ளினாள். "ஞாயித்துக்கெழம இந்த ரெண்டு காலும் இத்துக்குள்ள இருக்கணும். அவ்ளோதான். நீதான இந்த ஏரியாவுலயே ஷூ டாக்டரு? பாத்துக்கோ."

படியிறங்கிப் போய்விட்டாள். ஆறு நாள் இருந்தது.

மறுநாள் காசிமேட்டுக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். அவர் கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கெட்டுப்போன வஞ்சிரத்தைப் பார்ப்பதுபோல.

"காத்து போவாம மூடி வெச்சா மீனே அழுவுது. இது இன்னா பண்ணும் பாவம்" என்றார். அப்புறம் கடைசி வாய் டீயை மணலில் ஊற்றினார். "கவலப்படாத மச்சான். முப்பது அடி படகுக்கே அடி போட்றவன் நான். இந்தத் தம்மாத்தூண்டு ஷூவுக்குப் போட மாட்டனா?"

இந்த இடத்தில் நான் குறுக்கே விழுந்திருக்க வேண்டும். பதினோரு ஜோடி பார்த்தவன், டாக்டர் பட்டம் வாங்கியவன். ஆனால் மாமா வேலை செய்கிற அழகு அப்படி. நரைத்த நூல் மாதிரியான கண்ணாடி நாரை வெட்டிப் பரப்பி, ரெசின் என்கிற பசையில் அதை இறுக வைக்கிற ஹார்ட்னரைக் கலந்து, பிரஷ்ஷால் குத்திக் குத்தி அவர் படகின் ஓட்டையை அடைக்கும்போது தையல்காரர், சமையல்காரர், வைத்தியர் மூன்று பேரும் ஒரே ஆளில் தெரிவார்கள். நான் தலையாட்டினேன். "ஒண்ணே ஒண்ணு மட்டும் மொதல்ல பண்ணிப் பாக்கலாம் மாமா" என்று சொன்னதுதான் அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

புதன்கிழமை மதியம் இடது கால் ஷூவின் பொடியைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நாரும் ரெசினுமாக அடுக்கினார். ரெசின் சூடேறி, மூக்கு எரிகிற வாடை கிளம்பி, ஒரு மணி நேரத்தில் கல்லாகியது. ஓரங்களைத் தேய்த்தார். பிறகு படகுக்குச் செய்கிற கடைசிச் சோதனையையும் விடவில்லை. ஒரு பக்கெட்டில் தண்ணீர் பிடித்து ஷூவை விட்டார்.

மிதந்தது. சிவப்புக் கோடு நீர்மட்டத்துக்கு மேலே, தலை நிமிர்ந்து.

"பாத்தியா, ஒரு சொட்டு உள்ள போவுல" என்றார் மாமா. பக்கத்துப் படகில் வேலை செய்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, "நம்பர் வாங்கிட்டியா?", "டீசல் எங்க ஊத்துறது?" என்றெல்லாம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் அக்கா வந்தாள். ஒரு காலில் படகும் மறு காலில் செருப்புமாக மணலைத் தாண்டி சிமென்ட் தளத்தில் ஏறினாள். டக். டக். டக். கோயில் மணிக்கூண்டில் யாரோ படியேறுவது மாதிரி இருந்தது. ஒருமுறை குதித்தாள். இறங்கிய வேகத்தில் அந்த அதிர்ச்சி அவள் முழங்காலுக்கு ஏறி, முகத்துக்கு வந்தது. பிசகின அதே முழங்கால்.

"யோவ்."

"இன்னாமே?"

"நான் ஆடப் போறது பாஸ்கெட் பாலு. கடலுக்குப் போவல."

"கொஞ்சம் அழுத்தமாதான் போட்டேன், நாளு பட தாங்குமேன்னு..."

"என் பேரன் போட்டுகினு போர் தொடுப்பான். எனுக்கு ஞாயித்துக்கெழமைக்கு வோணும்யா." சொல்லிவிட்டு அதைக் கழற்றி என் கையில் வைத்தாள். மாமாவின் கையில் வைக்கவில்லை. அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது. வேலையை அவர் செய்திருக்கலாம். செய்யவிட்டவன் நான்.

வியாழக்கிழமை யார்டுக்கு லீவு சொன்னேன். மாமாவும் நானும் உளி, சுத்தியல் எடுத்து அந்த ரெசினைக் கொத்தினோம். கொத்தக் கொத்தத்தான் அவருடைய வேலையின் தரம் தெரிந்தது. அசையவேயில்லை. மதியம் வரை தட்டி எடுத்ததில் ரெசின் போனது, அதோடு சேர்ந்து முன்பக்கத்து ரப்பர் விளிம்பும் இரண்டு விரல்கடை அளவுக்குக் கிழிந்து போனது. மாமா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவர் கடலில் பல இழப்புகளைப் பார்த்தவர். இருந்தாலும் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டிய இழப்பு வேறு வகை.

சாப்பிடப் பிடிக்காமல் வலைக் குவியலின் மேல் போய்ச் சாய்ந்தேன். முதுகுக்குக் கீழே ஏதோ மெத்தென்று இருந்தது. எடுத்துப் பார்த்தால் மிதவை. வலையின் மேல்கயிற்றில் கோத்திருப்பார்களே, வெள்ளை வெள்ளையாக, உள்ளங்கை நீளத்துக்கு, அது. கட்டை விரலால் அழுத்தினேன். அழுந்தியது. விரலை எடுத்தேன். பள்ளம் மெல்ல எழுந்து சமமாகிக் கொண்டது, தூக்கத்திலிருந்து எழுகிறவன் சட்டையைச் சரிசெய்துகொள்வதுபோல.

மறுபடி அழுத்தினேன். மறுபடி எழுந்தது.

அந்தக் கரையில் பழைய ஹவாய் செருப்பைத் துண்டு துண்டாக வெட்டி வலைக்கு மிதவையாகக் கட்டுவார்கள். காலின் அடியில் கிடந்தது கடலில் போய் வலையைத் தாங்கும். அப்படியானால் கடலில் வலையைத் தாங்கியது காலின் அடிக்கு வரக்கூடாதா? எழுந்து ஓடினேன். மாமா பீடியைப் பற்றவைக்கப் போனவர் தீக்குச்சியோடு அப்படியே நின்றார்.

"மாமா, இது பெருசா எங்க கெடைக்கும்?"

"பெரிய வலைக்குப் போட்றது கீது. செங்கல்லு சைஸுக்கு." ஒரு வினாடி கழித்துத்தான் அவருக்கு விளங்கியது. தீக்குச்சி விரலைச் சுட்டது. "அட, மூணு நாளா அத்து மேலதானடா குந்திகினு கீறோம்."

வெள்ளிக்கிழமை முழுக்க மாடியில் மிதவையைச் செதுக்கினேன். வலது ஷூவில் இன்னும் உதிராமல் மிச்சமிருந்த வளைவை அட்டையில் அளவெடுத்து, ஹாக்ஸா பிளேடால் அறுத்து, எமரித்தாளால் தேய்த்து, குதிகாலுக்கு உயரம், விரலுக்குத் தாழ்வு, நடுவில் உள்வாங்கிய ஒரு இடுப்பு. இரண்டு வீணாகின. மூன்றாவது உட்கார்ந்தது. அட்டையைத் திருப்பிப் போட்டு வலது காலுக்கும் ஒன்று அறுத்தேன். மிதவையின் வெள்ளைத் தூள் ஒரு பக்கம், வானத்திலிருந்து நிலக்கரித் தூள் ஒரு பக்கம். சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தால் இருபத்தாறு வயதில் எனக்கு முழுசாக நரை கலந்திருந்தது. இப்போது அசல் நரை வந்த பிறகு பார்க்கிறேன், அன்று இருந்தது இன்னும் நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை அக்கா, மாமா இருவருமே மாடிக்கு வந்தார்கள். சொல்யூஷன் டப்பாவைத் திறந்தேன். தோலின் அடியில், மிதவையின் மேலும் கீழும், ரப்பரின் உள்பக்கம் எல்லாம் தடவி, தனித்தனியாக வெயிலில் வைத்தேன். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஒட்டுடா."

"இருக்கா. காயணும்."

"காஞ்சிட்டா எப்டி ஒட்டும்?"

"தொட்டா கையில ஒட்டக்கூடாது. அப்பதான் ஒட்டணும்."

"இன்னாடா பேஜாரா கீது. ஒட்டாம இருந்தாதான் ஒட்டுமா?"

"எங்க கல்யாணமும் அப்டித்தான மச்சான் நடந்துச்சி" என்றார் மாமா. "ரெண்டு வருஷம் மூஞ்சி குடுத்துப் பேசல உங்கக்கா."

"பேசாம இருந்தப்போ நல்லாதான்யா கீந்துச்சி" என்றாள் அக்கா. மூன்று பேரும் வெயிலில் குந்தி ஷூ காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒட்டிய பிறகு, சைக்கிள் டியூபை நாடா நாடாவாக வெட்டி ஷூவைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பிரித்தால் எல்லாம் சேர்ந்திருந்தது, உளியில் கிழிந்த அந்த முன்விளிம்பைத் தவிர. அது வாயைத் திறந்து எங்களைப் பார்த்தது. அக்கா அந்த வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள்.

மாமா இடுப்பிலிருந்து வலை பின்னுகிற ஊசியை எடுத்தார். பட்டையாக, நாக்கு வைத்து, வயிற்றில் நைலான் நூல் சுற்றியிருக்கும். என்னிடம் குத்தூசியால் ஓட்டை போடச் சொன்னார். நான் போடப் போட, ரப்பரையும் மிதவையையும் தோலையும் சேர்த்து வலை முடிச்சால் தைத்துக்கொண்டே வந்தார். கிழிந்த இடத்தோடு நிறுத்தவில்லை. இடது கால் முழுக்கச் சுற்றி வந்தார். "ஒண்ணுக்கு மட்டும் நக போட்டா இன்னொண்ணு கோச்சிக்கும்" என்று வலது காலுக்கும் போட்டார். ரெசினில் இழந்த மரியாதையை ஒவ்வொரு முடிச்சாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார். பச்சை நூல். வெள்ளை நூல் அவரிடம் இல்லை.

அக்கா கீழே தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரத்தில், மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து, இரண்டு ஷூவின் மூக்கிலும் மஞ்சளைக் குழைத்துத் தொட்டு, நடுவில் குங்குமம் வைத்தார். நான் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. புதுப் படகு கடலில் இறங்கும்போது அதன் மூக்குக்கு வைப்பது. மாமா கைக்கு அது வேலையின் கடைசிப் பகுதி, அவ்வளவுதான்.

அக்கா மேலே வந்தாள்.

"வெள்ளத் தோலுல மஞ்ச எவன் வெச்சது?"

"தண்ணில எறங்க சொல்ல..." என்று மாமா ஆரம்பித்தார்.

நான் துணியால் துடைத்தேன். பெராக்சைடு போட்டேன். குங்குமம் போனது. மஞ்சள் இன்னும் அழகாகப் பரவியது. பதினோரு ஜோடியின் மஞ்சளை வெளுத்தவன் ஒரு சிட்டிகை மஞ்சளிடம் தோற்றேன். அக்கா இரண்டு ஷூவையும் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். பச்சைத் தையல், மஞ்சள் மூக்கு, சிவப்புக் கோடு.

"ஆட்டோ மாதிரி கீது" என்றாள். போட்டுக்கொண்டாள். மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள், பிறகு ஓடினாள், பிறகு துணி காய்கிற கயிற்றைத் தொடக் குதித்தாள். தொட்டாள். இறங்கியபோது சத்தமே இல்லை. முகத்தில் வலி ஏறவில்லை. வேறென்னவோ ஏறியது. சட்டென்று திரும்பிக் கிரேனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு மேட்ச். சிமென்ட் தளத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள், கழுவிய பத்து நிமிஷத்தில் அதற்கும் கரித்தூள் வந்திருந்தது. பழைய டீமில் ஏழு பேர். எல்லோரும் பனியனுக்கு மேல் துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு, சேஃப்டி பின்னைச் சரிபார்த்துக்கொண்டு, ஒருவர் இடுப்பை ஒருவர் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். எதிரே கல்லூரிப் பெண்கள், கம்பி மாதிரி.

ஒருத்தி அக்காவின் காலைப் பார்த்துவிட்டு, "மிஸ், இந்த மாடல் எங்க கெடைக்கும்?" என்று கேட்டாள். கேலியா நிஜமா என்று தெரியவில்லை.

"காசிமேட்டுல. காலைல நாலு மணிக்குப் போனா ஏலத்துல எடுக்கலாம்" என்றாள் அக்கா.

ஆட்டத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. அக்காவின் கால்களை மட்டும்தான் பார்த்தேன். முதல் கால்பகுதியில் அந்தக் கால்கள் பயந்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் அரை வினாடி யோசித்தன. எந்த மூலையில் வழுக்கி விழுந்தாளோ அந்த மூலைப் பக்கமே போகாமல் ஆடினாள். மூன்றாவது கால்பகுதியில் பந்து அங்கேதான் போனது. அவளும் போனாள். பிடித்தாள், இடது காலை ஊன்றினாள், திரும்பினாள். ரப்பர் சிமென்ட்டைப் பிடித்துக் 'கீச்' என்றது. மிதவை அழுந்தியது. அழுந்திய மிதவைக்கு என்ன தெரியும், எழுந்துகொள்வது ஒன்றுதான் தெரியும். அக்காவையும் சேர்த்து எழுப்பிவிட்டது. பந்து வளையத்தைச் சுற்றி யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது.

மாமா எழுந்து நின்று, படகைக் கரையேற்றும்போது கத்துகிற கத்தலைக் கத்தினார்.

கடைசிப் பகுதியில் இடது குதிகாலில் சொல்யூஷன் விட்டுக்கொண்டது. நடக்கும்போது ஒரு பல் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. ஆனால் பிரியவில்லை. பச்சை நூல் பிடித்துக்கொண்டிருந்தது. டைம் அவுட்டில் மாமா ஊசியோடு உள்ளே ஓடி, அக்காவின் காலைத் தன் தொடைமேல் வைத்து இரண்டு முடிச்சு போட்டார். நடுவர் வந்து பார்த்தார். "இன்னாங்க பண்றீங்க?" "வலை கட்டிகினு கீறேன் சார்." நடுவர் விதிப்புத்தகத்தில் அதற்கு ஒன்றும் இல்லை என்பதுபோல் விலகிப் போனார்.

ஒன்பது புள்ளியில் தோற்றார்கள். தோற்ற டீம் மாதிரி ஒருவரும் நடந்துகொள்ளவில்லை. சோடா குடித்துவிட்டு, கல்லூரிப் பெண்களுக்கு ஆட்டத்தில் அவர்கள் செய்த தப்பையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்து மாமா மொபெட்டை உதைத்தார். அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்தாள், ஷூவைக் கழற்றாமலே. வெள்ளை போயே போயிருந்தது. கரித்தூளும் வியர்வையும் சேர்ந்து தோலின் ஒவ்வொரு மடிப்பிலும் கோடு போட்டிருந்தது. பதினான்கு வருஷத்தில் முதல்முறையாக அது யாரோ ஒருவருடைய ஷூ மாதிரி இருந்தது. எனக்குக் கை பரபரத்தது. பெட்டியையும் கையோடு கொண்டுவந்திருந்தேன்.

"கழட்டிக் குடுக்கா. தொடச்சி, குதிகால ஒட்டி, பெட்டில வெச்சித் தரேன்."

அக்கா பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மாமாவின் முதுகில் ஒரு தட்டு தட்டி வண்டியை எடுக்கச் சொன்னாள். மொபெட் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, இன்ஜின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினாள்.

"நாளைக்கு ஸ்கூலுக்கு இத்தான்டா போட்டுகினு போறேன். பிஞ்சா எட்த்துனு வரேன். அந்த சொல்யூஷன் டப்பாவ மட்டும் மூடி வெய், அது ஒண்ணுதான் மூடி வெக்கிற பொருளு."